வைகை அணைக்கு ஏற்ற மிதிபடகு எது?

விடிவதற்கு முன்பே வைகை அணை நீர்த்தேக்கத்தில் வேலை ஆரம்பமாகிவிடும். வடக்கே கொடைக்கானல் மலை, தென்மேற்கே மேகமலை, தெற்கே வருசநாட்டு மலை. மூன்றும் இன்னும் கறுப்பாகவே நிற்க, நடுவில் ஈயத்தகடு மாதிரி கிடக்கிறது தண்ணீர். அதில் அங்கங்கே வட்ட வட்டமாகப் பரிசல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் முந்தின நாள் சாயங்காலம் கட்டிவிட்டுப் போன வலையை இழுத்து, கண்ணியில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறார். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. வெயில் ஏறுவதற்குள் மீன் கரைக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு பரிசலுக்கு ஏன் இரண்டு பேர்? கையில் துடுப்பு இருந்தால் வலையைப் பிடிக்க முடியாது. வலையைப் பிடித்தால் பரிசல் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். தண்ணீரில் மீன் பிடிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்க இருக்கிற பழைய சிக்கல் இது. இருப்பது இரண்டே கை. வேலையோ நாலு கைக்கு.

அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் மிதிபடகு. பெடல் கயாக் என்று கடைகளில் சொல்கிறார்கள். காலால் மிதித்தால் படகு போகும், இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் அணையிலும் ஒன்றை விட்டால் என்ன என்று ஆசைப்படும் இளைஞர்கள் தேனிப் பக்கமும் இருக்கத்தான் செய்வார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிட, கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுவது நல்லது.

மிதிபடகு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கொடைக்கானல் ஏரிதான். குடும்பத்தோடு ஏறி, அப்பாவும் பிள்ளையும் மூச்சு வாங்க மிதித்து, படகு நகர்ந்ததா இல்லையா என்று சண்டை போட்டுக்கொள்ளும் அந்தப் பெட்டிப் படகு. கயாக் அந்த ரகம் இல்லை. ஒல்லியான, நீளமான, ஒற்றை ஆள் படகு. வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்த வேட்டைப் படகிலிருந்து வந்தது. நம் பரிசலும் ஒரு காலத்தில் மூங்கில் பின்னலின் மேல் மாட்டுத்தோலைப் போர்த்திச் செய்ததுதான். தோல் போய் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. இப்போது ஃபைபர். கயாக்கும் அப்படித்தான், தோல் போய் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஆக இரண்டும் ஒருவகையில் பங்காளிகள்.

மிதிக்கிற கயாக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று துடுப்புச் சிறகு வகை. அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. படகுக்கு அடியில் இரண்டு ரப்பர் சிறகுகள். காலை முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தள்ளினால், பென்குவின் நீந்துகிற மாதிரி அவை இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். இன்னொன்று விசிறி வகை. சைக்கிள் போலவே சுற்றி மிதிக்க வேண்டும். பல்சக்கரம் வழியாக அடியில் இருக்கும் விசிறி சுழலும். முன்னால் மிதித்தால் முன்னே போகும், பின்னால் மிதித்தால் உடனே பின்னே வரும். சிறகு வகையில் ஆரம்பத்தில் பின்னே வரும் வசதி கிடையாது. பிறகு வந்த மாடல்களில்தான் அது சேர்ந்தது. திசை திருப்ப இரண்டிலுமே கைப்பக்கம் ஒரு சிறு பிடி இருக்கும். அது பின்னால் உள்ள சுக்கானை அசைக்கும்.

காகிதத்தில் பார்த்தால் விசிறி வகைதான் லேசாகத் தெரியும். சைக்கிள் மிதிக்கத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? ஆனால் வைகை அணைக்கு வந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது.

முதலில் காற்று. தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர் போன கணவாய்கள் நாலு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, நாலாவது கம்பம். ஆண்டிபட்டியிலிருந்து கண்டமனூர்ப் பக்கம் போனால் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் அணைத் தண்ணீர் மேலும் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில், அதாவது ஆனி ஆடி மாதங்களில், காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் அது எழுந்துவிட்டால் தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழும். பிறகு அலையே அடிக்கும். அணைதானே, குளம் மாதிரிதானே என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

வைகை அணைக் காற்றின் வலுவை ஒருமுறை தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க, தெர்மோகோல் அட்டைகளை ஒட்டி அணையில் மிதக்கவிட்டார் அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு. கொஞ்ச நேரத்திலேயே காற்று அவற்றை வாரிக் கரையில் ஒதுக்கிவிட்டது. மீம்ஸ் போட்டவர்கள் அத்தோடு அதை மறந்துவிட்டார்கள். படகு வாங்குகிறவர் மறக்கக் கூடாது. தண்ணீருக்குள் இறங்காமல் மேலாக மிதக்கிற எந்தப் பொருளையும் இந்தக் காற்று விட்டுவைக்காது. காற்றடைத்து ஊதுகிற ரப்பர் கயாக்குகள் மலிவு, காரின் டிக்கியில் அடங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவை கிட்டத்தட்ட அந்தத் தெர்மோகோலுக்குச் சொந்தக்காரர்கள். போதாக்குறைக்கு, தண்ணீர் வற்றிய கரையெங்கும் முளைத்து நிற்கிறது வேலிக்கருவை. அதன் முள் லாரி டயரையே பதம் பார்க்கும்.

காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அணைச்சுவர் இருப்பது கிழக்கே. கால் ஓய்ந்துபோன ஒருவரைக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் சுவரும் மதகும் இருக்கிற பக்கம்தான். யாரும் போகவே கூடாத இடம் அது. அதனால்தான் காற்றுக் காலத்தில் எந்த நீர்த்தேக்கத்திலும் அனுபவப்பட்டவர்கள் போகும்போது காற்றை எதிர்த்துப் போவார்கள். தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துக்கொண்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் நடுத்தண்ணீரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மிதிபடகின் உண்மையான பலம் வெளிப்படுவதும் இதே காற்றில்தான். கையைவிடக் காலுக்கு வலு அதிகம், சீக்கிரம் சோராது. துடுப்புப் போடுகிறவர் தூண்டிலை எடுத்த நொடியில் படகு காற்றோடு போக ஆரம்பிக்கும். மிதிக்கிறவர் மெல்லக் காலை அசைத்தபடியே ஒரே இடத்தில் நின்று மீன் பிடிக்கலாம். பத்துக் கிலோ கட்லா ஒன்று மாட்டி ஓட ஆரம்பித்தால், படகையே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். அப்போது இரண்டு கையும் தூண்டிலில் இருக்க, காலால் படகைத் திருப்பிச் சமாளிப்பது பெரிய வசதி. அந்த ஒரு காரியத்துக்காகவே இவ்வளவு காசு கொடுக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீருக்கு அடியில் இருப்பவை. வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். அணை திறந்தது 1959 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது. அன்றிலிருந்து வருசநாட்டு மலையிலிருந்து வரும் வண்டல் உள்ளே படிந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே தண்ணீர் பல அடி இறங்கும். இறங்கும்போது மேற்கே ஆறு நுழைகிற பக்கம் கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும். போன மாதம் படகு ஓட்டிய இடத்தில் இந்த மாதம் ஆடு மேயும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் சேறு.

மீன்பிடி கயாக் ஒன்றின் எடை, மாடலைப் பொறுத்து, நாற்பது கிலோவிலிருந்து ஐம்பத்தைந்து கிலோ வரை போகும். மேலே தூண்டில், நங்கூரம், தண்ணீர் பாட்டில், ஐஸ்பெட்டி. இதையெல்லாம் சேற்றில் இழுத்துக்கொண்டு போவதை விளம்பரப் படங்களில் காட்டுவதில்லை. மூங்கில் பரிசல்காரர் வேலை முடிந்ததும் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, நடக்கிற காளான் மாதிரி போய்விடுவார்.

சேறு தாண்டித் தண்ணீருக்குள் போனாலும் ஆழமில்லாத இடங்கள் நிறைய. மூழ்கிய வேலிக்கருவை மரங்களின் கிளைகள் நிற்கும். விசிறி வகைக் கயாக்கின் தண்டு படகுக்குக் கீழே ஒரு அடிக்கு மேல் இறங்கியிருக்கும். கிளையில் முட்டினால் நின்றுவிடும், பாசியில் போனால் சுற்றிக்கொள்ளும், கையால் மேலே தூக்க வேண்டும். சிறகு வகையில் ஒரு காலை முழுக்க முன்னே தள்ளினால் இரண்டு சிறகும் படகின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அரை அடித் தண்ணீரிலும் வழுக்கிக்கொண்டு போகலாம்.

பாசியும் கிளையும்கூடப் போகட்டும். வலையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கட்டி விடியற்காலை எடுக்கிற செவுள் வலைகள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சுவர் மாதிரி நிற்கும். மேலே அடையாளம் ஒரு மிதவைதான். சில சமயம் அது காலி பிளாஸ்டிக் பாட்டில். சுழலும் விசிறி ஒன்று அந்த வலை மேல் போனால் கிழித்துச் சுற்றிவிடும். பொழுதுபோக்க வந்தவருக்கு அது அரை மணி நேரத் தொந்தரவு. வலைக்காரருக்கு அன்றைய மீனும் போச்சு, வலையும் போச்சு. இந்தத் தண்ணீரில் சிறகு வகைதான் சரி என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். அதிலும் கவனமாகப் போக வேண்டும் என்பது வேறு.

இங்கிருந்து பள்ளத்தாக்கில் மேலே ஏறலாம். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். வழியெல்லாம் நெல்லும் தென்னையும், கம்பம் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலும். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே போக வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டதால் வந்த பச்சை இது. லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013-இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

மலை ஏறிக் குமுளி தாண்டினால் தேக்கடி. அந்த அணையின் நீர்த்தேக்கம் இது. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நூற்றுச் சொச்சம் வருஷமாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. சில தலை காட்டும், மேலே நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். தலை காட்டாதவைதான் படகுக்கு ஆபத்து. இது புலிகள் காப்பகம் என்பதால் வெளியாள் யாரும் தூண்டில் போட முடியாது. இங்கே மீன் பிடிக்கும் உரிமை காட்டின் பூர்வகுடிகளுக்கு. முக்கியமாக மன்னான் மக்கள், மூங்கிலைக் கட்டிய தெப்பத்தில் போய் வலை போடுகிறார்கள். தெப்பத்துக்கு உள்ளே தண்ணீர் புகுமோ என்ற பயமே கிடையாது, ஏனென்றால் அதற்கு உள்ளே என்று ஒன்றே கிடையாது. வருகிற தண்ணீர் மூங்கில் இடுக்கு வழியாகப் போய்விடும்.

மீன்பிடி கயாக்கில் பெரும்பாலானவை இதே கொள்கைப்படி செய்தவை. மேலே உட்காருகிற வகை. உட்காரும் தளம் மூடியிருக்கும், அதில் ஓட்டைகள் இருக்கும், விழுகிற தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும். உள்ளே காலை நுழைத்து உட்காருகிற வகை கவிழ்ந்தால் தொட்டி மாதிரி நிரம்பும். மேலே உட்காருகிற வகையைத் தண்ணீரில் நின்றபடியே நிமிர்த்தி மறுபடி ஏறலாம். ஆனால் அந்த ஏறுவதைக் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நாலு தடவை பழகிய பிறகுதான் ஆழத்துக்குப் போக வேண்டும்.

தேக்கடியில் நின்றுகொண்டு கவிழ்வதைப் பற்றிப் பேசினால் 2009 செப்டம்பர் 30 நினைவுக்கு வராமல் இருக்காது. சுற்றுலாப் பயணிகள் போன ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு அன்று மாலை கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும், படகின் நிலைத்தன்மைக் குறைவும் காரணமாகப் பேசப்பட்டன. அதற்குப் பிறகு தேக்கடியில் உயிர்காப்புச் சட்டை போடாமல் யாரையும் படகில் உட்காரவைப்பதில்லை.

பெரிய படகை ஒரு பக்கம் சாய்க்க ஐம்பது பேர் வேண்டும். ஒற்றை ஆள் கயாக்கைச் சாய்க்க, பின்னால் இருக்கிற மீன்பெட்டியை எடுக்க வேகமாகத் திரும்பினாலே போதும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். மீன் பிடிக்க வேகத்தைவிட நிலைதான் முக்கியம். 33 அங்குலத்திலிருந்து 36 அங்குலம் வரை அகலம், பத்திலிருந்து பதின்மூன்று அடி நீளம், இந்த அளவில்தான் பெரும்பாலான மிதி கயாக்குகள் வருகின்றன. வைகை மாதிரி காற்றடிக்கிற தண்ணீருக்கு இதில் நீளமான பக்கம் சாய்வது நல்லது. பத்தடிப் படகு எதிர்க்காற்றில் மூக்கைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொள்ளும். பன்னிரண்டு அடி அறுத்துக்கொண்டு போகும். எடை தாங்கும் அளவு என்று போட்டிருக்கிற எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது உத்தமம். ஆளின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். நிறையப் பேர் அதை விட்டுவிட்டுச் சாமான் எடையை மட்டும் கூட்டுவார்கள்.

நங்கூரத்தைப் படகின் நடுப்பக்கவாட்டில் கட்டுவது இன்னொரு தப்பு. காற்று தள்ள, கயிறு இழுக்க, படகு பக்கவாட்டில் சாயும். முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும், சட்டென்று அறுத்துவிட ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மிதி இருக்கிறதே என்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வருவதும் கூடாது. சிறகோ பல்சக்கரமோ நடுத்தண்ணீரில் மக்கர் பண்ணினால் ஆண்டிபட்டி சைக்கிள் கடைக்காரர் நீந்தி வந்து சரிசெய்யப் போவதில்லை. கரைக்குக் கொண்டுவந்தாலும் அவரிடம் அந்த உதிரிப்பாகம் இருக்காது.

விலையும் சாதாரணம் இல்லை. பேர்பெற்ற மிதி கயாக்குகள் அமெரிக்காவிலேயே இரண்டாயிரம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். ஐயாயிரம் வரை போகிறவையும் உண்டு. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் இங்கே ஒரு நல்ல பைக்கின் விலையைத் தாண்டிவிடும். அந்தக் காசை எடுத்து வைப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கே விடுவது?

தமிழ்நாட்டு அணைகளில் மீன்பிடி உரிமை மீன்வளத் துறை ஏற்பாட்டில், குத்தகையாகவோ உரிமச் சீட்டாகவோ நடக்கிறது. குஞ்சு விடுவதும் அதன் வழியாகத்தான். அணையும் தண்ணீரும் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஒருவருக்குக் கயாக் சொந்தமாக இருப்பதால் மட்டும் வைகை அணையில் இறக்கித் தூண்டில் போட்டுவிட முடியாது. எழுத்தில் அனுமதி வேண்டும். மேகமலையின் மணலாறு, இரவங்கலாறு நீர்த்தேக்கங்கள் படத்தில் பார்க்கச் சொர்க்கம். ஆனால் மேகமலை 2021-இலிருந்து புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது, அந்த ஆசையே வேண்டாம். ஊர்க் கண்மாய்களில் பெரும்பாலும் மீன்பாசி ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார். அவர் சம்மதித்தால் காலையில் ஒரு மணி நேரம் மிதித்துப் பார்க்கலாம். பழகுவதற்குக் கண்மாய் நல்ல இடமும்கூட.

கயாக் எப்படி இருக்கிறது என்று வெறுமனே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வைகை போகிற திசையிலேயே போகலாம். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்கு நடுவே வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துகிறது. துடுப்புப் போடும் கயாக் அங்கே உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தன் உடம்புக்கும் முதுகுக்கும் இது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பஸ் டிக்கெட் மிச்சம்தான்.

அனுமதியும் கிடைத்து, காசும் இருந்து, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர் என்றால், இந்தத் தண்ணீருக்குச் சிறகு வகை, பன்னிரண்டு அடி, மேலே உட்காருகிற கெட்டி பிளாஸ்டிக் கயாக். கூடவே உயிர்காப்புச் சட்டை, துடுப்பு, விசில், காற்று எழும் முன் கரைக்கு வந்துவிடுகிற புத்தி. மீனை விற்றுப் பிழைக்கிறவருக்கு இதில் எதுவும் ஒத்துவராது. நனைந்த வலையும் மீனும் சேர்ந்தால் ஒரு நாளுக்கே சுமை ஏறிவிடும். கயாக்கில் அதற்கு இடம் ஏது? இரண்டு பேருக்கு வேலை கொடுக்கிற பரிசலில் ஒரு ஆளைக் குறைத்தால் குறைகிற ஆள் பெரும்பாலும் தம்பியாகவோ மனைவியாகவோ இருப்பார்கள், கூலியும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. ஓட்டை விழுந்தால் கரையில் உட்கார்ந்து தாமே ஒட்டிக்கொள்கிறார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் பரிசல்கள் கரை சேர்ந்துவிடுகின்றன. மீன் எடைக்குப் போகிறது. அணைப் பக்கத்துக் கடைகளில் அன்றைய பொரிப்புக்கு மசாலா தடவ ஆரம்பித்துவிட்டார்கள். கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசல்களின் அடியில் ஈரம் காய்ந்துகொண்டிருக்க, தண்ணீரின் மேல் மேற்கேயிருந்து முதல் சுருக்கம் விழுகிறது.